உன் லேத்தைப் புளி போட்டுத் தேய்த்தது பற்றி

சபாபதி,

ஆயுத பூசைக்கு முதல் நாள் உன் லேத்தின் இரும்புப் படுக்கையைப் புளியும் செங்கல் தூளும் போட்டுத் தேய்த்துக் கெடுத்தது நான்தான். நம் வெல்ல மண்டி ஆட்கள் இருவர் கூட இருந்தார்கள். புளி கரைத்துக் கொடுத்தது உன் அம்மா. ஆனாலும் தேய்க்கச் சொன்னது, போதாது இன்னும் தேய் என்றது, கடைசியில் அவர்கள் தேய்ப்பது பிடிக்காமல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நானே உட்கார்ந்து தேய்த்தது எல்லாம் நான். பூசையன்று வந்து அதைப் பார்த்தாய். மறுநாள் விசயதசமி, எதைத் தொடங்கினாலும் விளங்கும் என்று ஊரே சொல்கிற நாள், அன்றைக்குக் காலையில் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடலூரில் உன் மாமன் வீட்டுக்குப் போய்விட்டாய். ஐந்து வாரம் ஆகிறது. எனக்கு உன்னிடமிருந்து ஒரு வரி கிடையாது. ஆகவே நானே எழுதுகிறேன். நீளமாகத்தான் எழுதுவேன். ஒரு வரி எழுதினாலும் ஒரு முழம் எழுதினாலும் தபால்காரன் வாங்குவது ஒன்றுதான்.

முதலில் என் எரிச்சலைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது எதுவும் ஒழுங்காக வராது. பூசையன்று மத்தியானம் நீ புதுச்சேரியிலிருந்து லேத்துக்குப் புதுத் தோல் வாரைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு வண்டிக் கொட்டகைக்குள் நுழைந்தாய். சந்தனமும் குங்குமமும் வைத்து, சாமந்தி மாலை போட்டு, கண்ணாடி மாதிரி மின்னிக்கொண்டிருந்த லேத்தைப் பார்த்தாய். "யாரு தேச்சது?" என்று கேட்டாய். "நான்தான்டா! பாரு, எப்படி ஜொலிக்குது!" என்றேன். நீ குனிந்து படுக்கையின்மேல் விரல் நகத்தை மெதுவாக இழுத்துப் பார்த்தாய். "எத்தினி நேரம் தேச்சீங்க, நைனா?" என்றாய். "காத்தாலேர்ந்து மத்தியானம் வரைக்கும்." "ம்" என்றாய். வாரை ஆணியில் மாட்டினாய், கை கழுவினாய், வீட்டுக்குள் போய் உன் அம்மா கொடுத்த சுண்டலைத் தின்றாய். இரண்டாம் தரம் வேறு வாங்கித் தின்றாய்! எந்த மனுஷன்டா இப்படி இருப்பான்? நீ கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். சாயங்காலத்துக்குள் தொண்டை வறண்டு இரண்டு பேரும் ஓய்ந்திருப்போம். நீ சுண்டல் தின்றதைப் பார்த்து உனக்கு மகிழ்ச்சி என்றல்லவா நான் நினைத்துக்கொண்டிருந்தேன்! காலையில் நீ பெட்டியோடு நின்றபோதுதான், "இது குத்துவிளக்கு இல்ல நைனா" என்று ஒரு வார்த்தை சொன்னாய். அதற்கும் எனக்கு அப்போது அர்த்தம் தெரியவில்லை.

நீ பாதிதான் பார்த்தாய் என்பதால் மீதியை நான் சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்கு முன் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். மூடிப்போன ஆலையின் பட்டறைச் சாமான்களைப் புதுச்சேரியில் ஏலம் விட்டபோது, உடைந்த இரும்பு விலைக்கு இந்த லேத்தை எடுத்து, இரட்டை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு நீ வந்து இறங்கிய நாளில் நான் என்ன சொன்னேன் என்பது உனக்கு நினைவிருக்கும். ஆணியாக அடித்து விற்றால்கூட நம் பேரன் காலம் வரைக்கும் விற்கலாம் என்றேன். உனக்குத் தெரியாதது ஒன்று உண்டு. அடுத்த வாரமே பழைய இரும்பு வாங்குகிற ஒருவரை, நீ வெளியே போயிருந்த சமயம் பார்த்து, கொட்டகைக்குக் கூட்டிவந்தேன். அவர் லேத்தைச் சுற்றி வந்தார். ஒவ்வொரு மரையிலும் நீ மண்ணெண்ணெயில் நனைத்த துணியைச் சுற்றிக் கட்டி வைத்திருந்ததைப் பார்த்தார். "புண்ணுக்குக் கட்டுப் போட்ட மாதிரி கட்டி வச்சிக்கிறான். இத்த நான் தூக்கினு போனா உன் புள்ள எம் பின்னாலயே வருவான். எனக்கு வாணாம்பா" என்று போய்விட்டார். நான் விற்காமல் விட்டது பாசத்தால் அல்ல, ஆள் கிடைக்காததால். இதை இப்போது சொல்லாவிட்டால் பிறகு என்றைக்கும் சொல்ல மாட்டேன்.

என் மனம் திரும்பியது எங்கே என்றால் சுங்கச்சாவடியில். லேத்தின் அந்தப் பல்சக்கரம் நினைவிருக்கிறதா? நாலு பல் உடைந்த சக்கரத்தைக் கடலூரில் கொடுத்துப் புதிதாக வார்க்க வேண்டும் என்றாய். நானும் வெல்லம் விஷயமாக அந்தப் பக்கம் போக வேண்டியிருந்ததால் கூட வந்தேன். பிரெஞ்சு எல்லையைத் தாண்டியதும் இங்கிலீஷ்காரன் சாவடியில் உட்கார்ந்திருந்தவர் சக்கரத்தைப் புரட்டிப் பார்த்து, பிரெஞ்சு எழுத்து இருக்கிறது, சீமைச் சரக்கு, வரி கட்டு என்றார். "பல்லு போன கெழவன் வைத்தியருகிட்ட போறான் சாமி, அவனுக்கும் வரி போடுவீங்களா?" என்று கேட்டேன். அவர் கொஞ்சமும் சிரிக்காமல், "கெழவன் தானா நடந்து போனா வுட்டுடறேன். நீ தூக்கினு போறே, அதனால சரக்கு" என்றார். நீ பக்கத்தில் நின்று சிரித்தாய். வரி கட்டினோம். திரும்பி வருகிற வழியெல்லாம் நீ சக்கரத்தைப் பற்றி யோசித்தாய், நான் சாவடியைப் பற்றி யோசித்தேன். பாகூர், கிருமாம்பாக்கம் பக்கத்தில் கரும்பு பயிர் செய்கிற அத்தனை பேரிடமும் மாடு பூட்டிச் சுற்றுகிற இரும்புச் செக்கு இருக்கிறது. உருளைத் தண்டு உட்காருகிற பித்தளை வளையம் இரண்டு வருஷத்தில் தேய்ந்துபோகும். தேய்ந்தால் கடலூர்தான். போக ஒரு நாள், வரி ஒன்று, அங்கே காத்திருக்க நாலு நாள், அதற்குள் வெட்டின கரும்பு காய்ந்து சாறு வற்றிவிடும். அந்த வளையத்தை எல்லைக்கு இந்தப் பக்கமே கடைந்து கொடுக்க ஒருவன் இருந்தால்? வெல்ல மண்டி வைத்திருப்பவனுக்கு இது தெரிய உன் லேத்து வந்து ஒன்பது மாதம் ஆயிற்று. நீ முதல் நாளே யோசித்துத்தான் வாங்கியிருக்கிறாய். ஆனால் சொன்னாயா? சொன்னால் முத்து உதிர்ந்துவிடுமா?

சரி, நீ சொல்ல வந்தாய் என்று உன் அம்மா சொல்கிறாள். சித்திரையில் ஒரு நாள் மண்டிக்கு வந்து, "நைனா, கொஞ்சம் வந்து பாருங்களேன், படுக்கை சமத்துக்கு வந்துடுச்சி" என்று கூப்பிட்டாயாம். வெல்ல வண்டி நிற்கிறது, போடா என்றேனாம். எனக்கு நினைவில்லை. நினைவில்லாததை மறுக்கவும் முடியாது. அவள் வாயில் பொய் வராது, அதுதான் என் தலைவேதனை.

தேய்த்த கதைக்கு வருகிறேன். கிருமாம்பாக்கத்து ரெட்டியார் நம்மிடம் பத்து வருஷமாக வெல்லம் போடுகிறவர். மூன்று செக்கு வைத்திருக்கிறார். அவரைப் பூசைக்கு வரச் சொன்னதே லேத்தைக் காட்டி, தை மாதக் கரும்பு வெட்டுக்கு முன் மூன்று செக்குக்கும் வளையம் கடையும் வேலையை உனக்கு வாங்கித் தரத்தான். உனக்குச் சொல்லாமல் வைத்திருந்தேன், திடீரென்று கொடுக்கலாம் என்று. நீ வார் வாங்கப் போனதும் கொட்டகையைத் திறந்தேன். பெயிண்டு அடித்த இடமெல்லாம் நன்றாக இருந்தது. ஆனால் வெட்டுளியைத் தாங்குகிற வண்டி நகர வேண்டிய அந்த ஆறடிப் படுக்கை, அதுதானே முகம், அது முழுக்க வடு வடுவாக, அம்மை இறங்கின உடம்பு மாதிரி இருந்தது. மங்கலாக, திட்டுத் திட்டாக. இத்தனை மாதம் இதைத்தானா உட்கார்ந்து சுரண்டிக்கொண்டிருந்தான், இன்னும் இப்படி இருக்கிறதே, பையன் அலுத்துப்போய் விட்டுவிட்டான் போலிருக்கிறது என்று நினைத்தேன். ரெட்டியார் பார்த்தால் என்ன நினைப்பார்? மண்டியில் தராசுத் தட்டு, படிக்கல், வீட்டில் அரிவாள்மனை முதல் மண்வெட்டி வரைக்கும் அன்றைக்குத் தேய்த்துக் கழுவிக் காயவைத்திருந்தோம். மிச்சப் புளி குண்டானில் இருந்தது. வேறு என்ன செய்யத் தோன்றும்?

என் புத்தி ஏன் தேய்ப்பதிலேயே போகிறது என்று உனக்குத் தெரியாது. நான் தொழில் தொடங்கியது பழைய சாக்கு வாங்கி விற்று. உப்புச் சாக்கு, கருவாட்டுச் சாக்கு, புண்ணாக்குச் சாக்கு, எல்லாம் தலைமேல். ஒரு கடைக்காரர் என்னைப் படியேற விடாமல், "அங்கேயே நில்லுய்யா, நாத்தம் கொடலப் புடுங்குது" என்று தெருவில் நிறுத்தியே பேரம் பேசுவார். அன்றிலிருந்து சாக்கை ஆற்றில் அலசி, காயவைத்து, கிழிசல் தைத்துக் கொண்டுபோனேன். அதே சாக்கு, ஒன்றரை மடங்கு விலை. சுத்தம் செய்தால் பொருளுக்கு மதிப்பு கூடும் என்பது என் தோலில் ஏறிய பாடம். அது எல்லாப் பொருளுக்கும் பொருந்தாது என்பதற்கும் எனக்கு முன்பே ஒரு அடி விழுந்திருக்கிறது. வெல்ல மண்டி ஆரம்பித்த வருஷம், சரக்கு வைக்கிற அறைக்குச் சுண்ணாம்பு அடித்து, தரையைத் தண்ணீர் விட்டு மெழுகி, பளிச்சென்று வைத்து வெல்லம் அடுக்கினேன். உன் அம்மா அப்போது புதுப்பெண். "ஈரம் வாங்கிக்கும்ங்க, வைக்கோல் போட்டு வைங்க" என்றாள். உனக்கென்ன தெரியும் என்றேன். ஆடிக்குள் அறை முழுக்கப் பாகாக ஓடியது, எறும்புக்கு அந்த வருஷம் கல்யாணச் சாப்பாடு. அதற்குப் பிறகாவது பொருளைத் தெரிந்தவரைக் கேட்டுவிட்டுத் தொட வேண்டும் என்று புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. இதை நீ உனக்கு எழுதி வைத்துக்கொள்: ஒரு தொழிலில் கெட்டிக்காரனாக இருப்பவன் அடுத்த தொழிலில் முட்டாளாவது ரொம்பச் சுலபம், ஏனென்றால் அவனைத் தடுக்க யாருக்கும் தைரியம் வராது. மண்டி ஆட்கள் இருவரில் ஒருத்தன் தேய்க்கும்போதே, "சின்ன முதலாளிய ஒரு வார்த்த கேட்டுக்கலாமா?" என்றான். "பேசாம தேய்டா" என்றேன்.

பூசையன்று காலையில் ரெட்டியார் வந்தார். லேத்தைப் பார்த்து, "இன்னா மண்டி, பொண்ணு பார்க்கற மாதிரி அலங்காரம் பண்ணி வச்சிக்கிற!" என்றார். எனக்கு வாயெல்லாம் பல். ஓட்டிக் காட்டுகிறேன் என்று பழைய வாரையே மாட்டி, பெரிய சக்கரத்தை ஆளை விட்டுச் சுற்றச் சொன்னேன். லேத்து ஓடியது. உள்ளேயிருந்து கரகரவென்று ஒரு சத்தம். முதலில் புதுசு, அப்படித்தான் இருக்கும் என்றேன். சத்தம் கூடியது. ரெட்டியார் காதைச் சாய்த்துக் கேட்டார். "மண்டி, உள்ள கேழ்வரகு எதனாச்சும் போட்டு அரைக்கிறியா?" என்றார். வந்திருந்த எல்லாரும் சிரித்தார்கள், பூசை வைத்த அய்யர் உட்பட. செங்கல் தூள் தண்டு சுழலும் வளையத்துக்குள் போயிருக்கிறது, அதை நானே சுற்றி அரைத்திருக்கிறேன். இந்தக் காட்சிக்குப் பிறகுதான் நீ மத்தியானம் வந்தாய். உனக்கு நான் இதைச் சொல்லவில்லை. சத்தம் வருவதை நீயே ஓட்டிப் பார்த்துச் சரிசெய்துவிடுவாய், எனக்கு அவமானம் இருக்காது என்று வாயை மூடிக்கொண்டேன்.

நீ போன மூன்றாம் நாள் மழை பிடித்தது. கொட்டகையைத் திறந்தால் படுக்கை முழுக்கச் செம்பட்டைத் துரு. புளித் தண்ணீர் வேலை. துருவுக்கு எண்ணெய் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்று அடுப்படியிலிருந்த மல்லாட்டை எண்ணெயை ஒரு படி ஊற்றித் தடவினேன். அது பத்து நாளில் பிசினாக இறுகிவிட்டது. வெட்டுளி வண்டியைத் தள்ளினால் நகரவில்லை, ஒட்டிக்கொண்டது. உன் அம்மா வாசலில் நின்று பார்த்துவிட்டு, "வடை சுடறதுக்காச்சும் அந்த எண்ணெயை வச்சிருக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். புளி கரைத்துக் கொடுத்தவள் அவள். அதை ஞாபகப்படுத்தினால், "நான் வெளக்குக்குன்னு கரைச்சேன்" என்கிறாள். இந்த வீட்டில் எனக்குச் சாட்சி சொல்ல ஆள் கிடையாது.

அப்புறம் நீ உன் அம்மாவுக்கு எழுதிய கடிதம். அவளுக்கு எழுத்துத் தெரியாது. இந்த வீட்டில் படிக்கத் தெரிந்தவர்கள் நீயும் நானும். நீ கடலூரில் இருக்கிறாய். அப்படியானால் அவளுக்கு யார் படித்துக் காட்டுவார் என்று நினைத்து எழுதினாய்? தபால்காரன் கொடுத்ததும் என்னிடம் நீட்டினாள். நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்கப் படித்தேன். மாமனுக்குத் தெரிந்தவர் ஒருவர் சைகோனில் இருக்கிறார், தை கழித்துக் கப்பல், அங்கே பட்டறையில் வேலை தயார், அதற்கு மேரி ஆபீசிலிருந்து பிறப்புப் பத்திரம் வேண்டும், யாரையாவது அனுப்பி வாங்கி வை என்று எழுதியிருந்தாய். கடைசி வரி, "இது எதுவும் நைனாவுக்குத் தெரிய வேண்டாம்." அதையும் நானே என் வாயால் உரக்கப் படித்தேன், சபாபதி. உன் அம்மா கேட்டுவிட்டு, "சரி, அவருகிட்ட சொல்லல" என்றாள். என்னைப் பார்த்தேதான் சொன்னாள்! யோசிக்காமல் எழுதினாயா, நான்தான் படிப்பேன் என்று தெரிந்தே எழுதினாயா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. தெரிந்தே எழுதியிருந்தால் நீ என்னைவிடப் பெரிய வியாபாரி.

அந்தக் கடிதத்துக்குப் பிறகுதான் நான் அரியாங்குப்பம் போனேன். ஆலையில் முப்பது வருஷம் பிட்டராக இருந்த மாசிலாமணி மேஸ்திரி அங்கே இருக்கிறார் என்றும், நீ ஆரம்பத்தில் அவரிடம்தான் போய்ப் போய்க் கேட்டுக்கொண்டு வந்தாய் என்றும் மண்டி ஆள் சொன்னான். எனக்கு அதுவும் தெரியாது. வண்டி வைத்து அழைத்து வந்தேன். மனுஷர் கொட்டகைக்குள் வந்து லேத்தைப் பார்த்தார், மூக்கைச் சுருக்கினார், எண்ணெயை விரலில் தொட்டு முகர்ந்தார்.

"மண்டிக்காரரே, யாரு பண்ண வேலை இது?"

"நான்தான் மேஸ்திரி. ஆயுத பூசைன்னு..."

"ஆயுதத்துக்குப் பூசை பண்ணச் சொன்னா, ஆயுதத்தையே பலி குடுத்துட்டீங்களே!"

பிசினை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவச் சொன்னார். என்னையே கழுவச் சொன்னார், ஆளை விடவில்லை. உன் பெட்டியிலிருந்து சமம் பார்க்கிற அந்தக் கனத்த இரும்புப் பலகையை எடுத்து, அடியில் நீல மசியை மெல்லியதாகத் தடவி, படுக்கைமேல் வைத்து இழுத்தார். தூக்கிப் பார்த்தால் ஆறடியில் இரண்டே இடத்தில் நீலம். "மேடு இருக்கற எடத்துலதான் மசி ஒட்டும். ஒட்டின எடத்தைச் சுரண்டணும். மறுபடி வைக்கணும், மறுபடி சுரண்டணும். கடுகு வாரி இறைச்ச மாதிரி எங்க பார்த்தாலும் நீலம் ஒட்டற வரைக்கும். நீங்க அம்மைத் தழும்புன்னீங்களே, அது எண்ணெய் நிக்கற குழி. அது இல்லாட்டி இரும்பு இரும்பைத் தின்னுடும்" என்றார். எத்தனை தரம் வைத்துச் சுரண்ட வேண்டும் என்று கேட்டேன். "உங்க புள்ளையக் கேளுங்க. எட்டு மாசம் பண்ணிக்கிறான். நான் ஒரு வாட்டி வந்து பார்த்தேன். எங்க ஆலையில அந்த மாதிரி கை ரெண்டு பேருக்குத்தான் இருந்திச்சி. ஒருத்தன் நான்" என்றார்.

அடுத்தவன் யார் என்று நான் கேட்கவில்லை. நான் கேட்டது, இதை எனக்குச் சொல்லிக்கொடுப்பீரா என்று. அவர் சிரித்தார். வெட்டுளி வண்டி வராத கடைக்கோடியில் ஒரு சாண் இடத்தைச் சுண்ணாம்புக்கட்டியால் கோடு போட்டுக் காட்டி, "இங்க வெளையாடுங்க. கோட்டைத் தாண்டினா நான் வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். உன் சுரண்டியை உன்னைக் கேட்காமல் எடுத்தேன். மண்டியை ஆள் பார்த்துக்கொண்டான். மூன்று நாள் உட்கார்ந்தேன். முதல் நாள் சுரண்டி வழுக்கிக் கட்டை விரலில் ஏறியது. இரண்டாம் நாள் மேட்டைச் சுரண்டப் போய் அதைப் பள்ளமாக்கினேன், அப்புறம் மற்ற இடத்தையெல்லாம் அந்தப் பள்ளத்துக்கு இறக்க வேண்டியதாயிற்று. மூன்றாம் நாள் சாயங்காலம் பலகையை வைத்துத் தூக்கினால் ஒரு சாண் இடத்தில் ஏழு புள்ளி. ஏழே ஏழு! அதற்குள் உள்ளங்கை இரண்டிலும் கொப்புளம், இடுப்பு நிமிரவில்லை. உன் அம்மா வந்து ஒத்தடம் கொடுத்தாள். "புள்ள இதே மாதிரி கையோட வந்து சோறு தின்னப்ப நீங்க இன்னா கேட்டீங்க தெரியுமா? மண்டியில ஒக்காந்தா கை இப்பிடி ஆவுமான்னு கேட்டீங்க" என்றாள். இதுவும் எனக்கு நினைவில்லை. இதையும் மறுக்க முடியவில்லை.

நான் ஒரு பொருளின் விலையைத் தெரிந்துகொள்ளாமல் கை வைத்ததில்லை என்று ஊரில் பீற்றிக்கொள்கிறவன். உன் எட்டு மாதத்தின் மேல் அரை நாளில் கை வைத்தேன். தெரியாமல் செய்தேன் என்று சொன்னால் அது உண்மை, ஆனால் அதை வைத்துக்கொண்டு ஒன்றும் வாங்க முடியாது. ஆகவே சொல்லவில்லை. உன் பங்குக்கு ஒன்று மட்டும் சொல்கிறேன், கோபித்தாலும் சரி. வேலை செய்கிறவன் தன் வேலை என்னவென்று வீட்டிலிருப்பவர்களுக்கு ஒருமுறைக்கு நாலுமுறை சொல்ல வேண்டும். போடா என்றாலும் கையைப் பிடித்து இழுத்து வந்து காட்ட வேண்டும். நாளைக்கு உனக்குக் கல்யாணம் ஆகும், ஒருத்தி வருவாள். அவளிடமும் "ம்" என்று சொல்லிவிட்டுச் சுண்டல் தின்றாயானால், அவள் என்னைவிட மோசமாக எதையாவது தேய்த்து வைப்பாள். தப்பு அவள்மேல் இருக்காது.

போன வாரம் ரெட்டியாரிடம் போனேன். வளைய வேலை கடலூருக்குப் போய்விட்டதா என்று கேட்டேன். "இன்னும் இல்ல. மார்கழி வரைக்கும் வச்சிருப்பேன். உன் புள்ள கடைஞ்சா குடுக்கறேன். நீ கடையறதா இருந்தா எம் மாட்டுக்குத் தண்ணி காட்டற தொட்டியைக்கூடத் தரமாட்டேன்" என்றார். சொல்லட்டும். வேலை அவரிடம் நிற்கிறது, அது போதும்.

சைகோன் விஷயம். நீ எழுதினபடி யாரையும் அனுப்பவில்லை, நானே மேரி ஆபீசுக்குப் போனேன். எழுத்தர் பழைய புத்தகத்தைப் புரட்டி உன் பெயரைக் கண்டுபிடித்தார். உன் பிறப்பைப் பதிய வந்த அன்று நான் போட்ட கையெழுத்து அதில் இருக்கிறது. அப்போதுதான் எழுதப் பழகியிருந்தேன், கோழி கிளறின மாதிரி இருந்தது. பத்திரத்தை முத்திரையோடு வாங்கி இந்தக் கடிதத்துக்குள்ளேயே மடித்து வைத்திருக்கிறேன். பார்த்து எடு, கிழித்துவிடாதே. கப்பலுக்கு வேறு எது குறைந்தாலும் எழுது, செய்கிறேன். நீ போக வேண்டாம் என்பதுதான் என் ஆசை, அதை மறைத்து உத்தமன் வேஷம் போட எனக்குத் தெரியாது. ஆனால் உன்னைக் காகிதத்தைப் பிடித்து நிறுத்தி வைக்க மாட்டேன். ஒரே ஒரு வியாபாரப் புத்தி சொல்கிறேன். கோபத்தோடு சந்தைக்குப் போனவன் இதுவரைக்கும் நல்ல மாடு ஓட்டி வந்ததில்லை. போவதானால் அந்த வேலை உனக்குப் பிடித்துப் போ, என்மேல் இருக்கிற கோபத்தைக் கப்பல் ஏற்றிக்கொண்டு போகாதே.

மேஸ்திரியோடு நேற்றுப் பேசி முடித்துவிட்டேன். படுக்கை மறுபடி சமத்துக்கு வர, தண்டு சுழலும் வளையத்திலிருந்து செங்கல் தூளை எடுத்துச் சரிசெய்ய, நீ சுரண்டி பிடித்து அவர் பலகை பிடித்தால் பன்னிரண்டு நாள் ஆகுமாம். உன் எட்டு மாத வேலையில் அடி இன்னும் கெடாமல் இருப்பதால்தான் இந்தப் பன்னிரண்டு நாள், இல்லாவிட்டால் அவர் தொடவே மாட்டாராம். உன் கை பட்ட வேலையில் நீ இல்லாமல் அவர் சுரண்டி வைக்க மாட்டார், நான் எவ்வளவு சொல்லியும் அதில் மட்டும் இறங்கி வரவில்லை. கார்த்திகை முதல் திங்கட்கிழமை காலையில் வருகிறார். நாளொன்றுக்கு ஒன்றரை ரூபாய், மத்தியானச் சாப்பாடு நம் வீட்டில், அரியாங்குப்பம் போக வர வண்டி என்னுடையது. அவர் கேட்காமலேயே நான் ஒன்று சேர்த்துச் சொன்னேன்: நீ வராமல் போனாலும் அந்தப் பன்னிரண்டு நாளும் அவர் வந்து கொட்டகையில் உட்கார்ந்திருக்க வேண்டும், கூலி உண்டு. மொத்தம் பதினெட்டு ரூபாய், கையடித்து ஒப்புக்கொண்டேன்.